‘வின்’ என்றால் வெற்றிதானே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்கும் மேலூருக்கும் நடுவில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள், வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் என்று பலரும் வருவார்கள். கஷ்டமான சொல் என்றால் அவர்களே அகராதியைப் பார்த்துக்கொள்வார்கள். மாட்டிக்கொள்வது ‘வின்’ மாதிரியான சின்னச் சொல்லில்தான். அதை எல்லாம் தேடிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வருடா வருடம் அதே சந்தேகங்கள் வருவதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாக்கிலேயே இருக்கின்றன.

வின்னுன்னா வெற்றி, அவ்வளவுதானே சார்? இதுல என்ன இருக்கு?

பாதி சரி. தமிழில் ‘வெற்றி’ ரொம்பப் பெரிய குடை. தேர்வில் வெற்றி, தேர்தலில் வெற்றி, படம் வெற்றி, ஆபரேஷன் வெற்றி, ராக்கெட் ஏவியது வெற்றி, எல்லாம் அதற்குள் நின்றுகொள்ளும். ஆங்கிலத்தில் இத்தனை பேருக்கும் ஒரே குடை கிடையாது. ‘வின்’ வர வேண்டுமானால் பெரும்பாலும் ஒரு போட்டி இருக்க வேண்டும், அல்லது ஒரு பரிசு, ஒரு குலுக்கல்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் எதிராளி யாரும் இல்லை. அதனால் ‘ஐ வன் தி எக்ஸாம்’ என்று சொல்லக்கூடாது, ‘பாஸ்’தான். ஆபரேஷனும் ராக்கெட்டும் ‘சக்சஸ்ஃபுல்’. படம் ஓடினால் ‘ஹிட்’ அல்லது ‘சக்சஸ்’. சினிமாக்காரர்கள் இதில் சரியாகத்தான் இருக்கிறார்கள். ‘சக்சஸ் மீட்’ வைக்கிறார்களே தவிர, ‘விக்டரி மீட்’ வைப்பதில்லை.

இறந்தகாலம் ‘வோன்’னா, ‘வான்’னா, ‘வன்’னா?

‘வன்’. ஒன்று என்ற எண்ணுக்கான ஆங்கிலச் சொல்லை எப்படிச் சொல்வீர்களோ, அதே ஒலி. எழுத்தில் நடுவே ‘ஓ’ இருப்பதால் வாய் தானாக ‘வோன்’ என்று போய்விடுகிறது. அதே எழுத்துகளோடு தென்கொரிய நாணயம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் ‘வோன்’ என்கிறோம். வின், வன், வன்: மூன்றாவது வடிவமும் ‘வன்’தான். ‘வின்ட்’ என்று ஒன்று இல்லவே இல்லை. ‘வின்னிங்’, ‘வின்னர்’ எழுதும்போது நடுவில் இரண்டு ‘என்’ போட மறக்காதீர்கள்.

“இந்தியா வன் ஆஸ்திரேலியா”. இதுல என்ன சார் தப்பு?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். மற்றதை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

தமிழில் ‘வெல்’ என்ற வினை தாராளமானது. ‘கோப்பையை வென்றது’ என்போம், ‘ஆஸ்திரேலியாவை வென்றது’ என்றும் சொல்வோம். கிடைத்த பொருளுக்கும் ‘ஐ’, தோற்ற ஆளுக்கும் ‘ஐ’. ஆங்கிலத்தில் ‘வின்’னுக்குப் பின்னால் நேராக வருவது கைக்கு வந்த பொருளாகத்தான் இருக்க வேண்டும். கோப்பை, மேட்ச், பரிசு, தொகுதி, வழக்கு. தோற்றவர் அந்த இடத்தில் வரவே கூடாது. அவருக்கென்று ‘பீட்’, ‘டிஃபீட்’ என்ற சொற்கள் இருக்கின்றன. ஆக, ‘இந்தியா பீட் ஆஸ்திரேலியா’. ‘வன்’ என்றே சொல்ல ஆசையாக இருந்தால் நடுவில் ‘அகைன்ஸ்ட்’ போடுங்கள்: ‘இந்தியா வன் அகைன்ஸ்ட் ஆஸ்திரேலியா’.

வகுப்பில் 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு இரண்டு வாக்கியம் கேட்பேன். ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம், இந்தியா 183, வெஸ்ட் இண்டீஸ் 140. வர வேண்டியவை: ‘இந்தியா வன் தி வேர்ல்ட் கப்’, ‘இந்தியா பீட் வெஸ்ட் இண்டீஸ்’. ஒருமுறை ஒரு பையன் இரண்டு அணி கேப்டன்களையும் வைத்து ‘கபில் தேவ் வன் கிளைவ் லாயிட்’ என்று எழுதினான். அப்படி எழுதினால், குலுக்கலில் குக்கர் விழுந்த மாதிரி கபிலுக்கு லாயிட் விழுந்தார் என்று அர்த்தமாகிவிடும். எழுதும்போது ‘என்ன கிடைத்தது?’ என்று உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கோப்பை என்றால் ‘வன்’ போடலாம். பதில் ஆறடி ஆள் என்றால் ‘பீட்’.

அப்போ பீட்டுக்கு இறந்தகாலம் ‘பீட்டட்’டா?

இல்லை. பீட், பீட், பீட்டன். முதல் இரண்டும் ஒரே எழுத்து, ஒரே ஒலி. ‘டிஃபீட்’டுக்குத்தான் ‘டிஃபீட்டட்’ உண்டு. பேச்சில் ‘பீட்’ இயல்பாக இருக்கும். ‘டிஃபீட்’ கொஞ்சம் செய்தித்தாள் வாசம் அடிக்கும்.

தோத்ததை எப்படிச் சொல்றது? ‘லாஸ்ட் பை’ன்னு சொல்லலாமா?

யாரிடம் தோற்றார் என்பதற்கு ‘லாஸ்ட் டு’. எவ்வளவில் தோற்றார் என்பதற்கு ‘லாஸ்ட் பை’. ‘வெஸ்ட் இண்டீஸ் லாஸ்ட் டு இந்தியா பை 43 ரன்ஸ்’, இரண்டும் அதில் வந்துவிட்டன. எழுதும்போது ‘லூஸ்’ என்ற சொல்லுக்கு ஒரே ஒரு ‘ஓ’. இரண்டு ‘ஓ’ போட்டால் தொளதொள சட்டை ஆகிவிடும்.

ஒரு மேட்ச்ல ரன் கணக்கு சொல்றாங்க, இன்னொண்ணுல விக்கெட் கணக்கு. ஏன்?

முதலில் ஆடிய அணி ஜெயித்தால் ரன் கணக்கு, இரண்டாவதாக ஆடிய அணி ஜெயித்தால் மிச்சம் இருக்கும் விக்கெட் கணக்கு. 2011 ஏப்ரல் 2 அன்று மும்பை வாங்கடேயில் இலங்கையின் இலக்கை இந்தியா எட்டியபோது கையில் 6 விக்கெட் இருந்தது. அதனால் ‘வன் பை சிக்ஸ் விக்கெட்ஸ்’.

தேர்தலுக்கும் இதே ‘பை’தான். 2008 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். ‘லாஸ்ட் பை எ சிங்கிள் வோட்’ என்று சொல்லிக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மேட்ச் டை ஆச்சுன்னாலும் டிரா ஆச்சுன்னாலும் ஒண்ணுதானே? ரெண்டுலயும் யாரும் ஜெயிக்கலையே?

சதுரங்கத்தில் எல்லாமே ‘டிரா’தான். கிரிக்கெட்டில் இரண்டும் வேறு வேறு. டெஸ்டில் நேரம் முடிந்தும் ஆட்டம் முடியாவிட்டால் ‘டிரா’. ஆட்டம் முழுதாக முடிந்து, இரு பக்க ரன்களும் சமமாக நின்றால் ‘டை’. டெஸ்ட் வரலாற்றில் டை ஆன ஆட்டங்கள் இரண்டே இரண்டு. முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில். இரண்டாவது நம் சேப்பாக்கத்தில், 1986 செப்டம்பரில். ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 348. இந்தியா 347-இல் நிற்கும்போது கடைசி ஆளான மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. அன்று ‘வன்’ போட்டு ஒரு வாக்கியமும் எழுத முடியாது, ‘லாஸ்ட்’ போட்டும் எழுத முடியாது.

இதை விடச் சிக்கலானது 2019 உலகக் கோப்பை இறுதியாட்டம். இங்கிலாந்து 241, நியூசிலாந்து 241. சூப்பர் ஓவரிலும் 15, 15. கடைசியில் பவுண்டரி எண்ணிக்கையைப் பார்த்து, 26-க்கு 17 என்று கோப்பையை இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். முன்னால் சொன்ன விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். ‘இங்கிலாந்து வன் தி வேர்ல்ட் கப்’ சந்தேகமே இல்லை, கோப்பை கைக்கு வந்துவிட்டது. ‘பீட்’ என்று எழுதப் போனால்தான் கை தயங்குகிறது. எத்தனை ரன்னில் என்று கேட்டால் பதில் இல்லையே! அந்தப் பவுண்டரி விதியை அதே வருடம் அக்டோபரில் மாற்றிவிட்டார்கள்.

“ஒயிட் இஸ் வின்னிங்”ன்னு கமென்டரில சொன்னாங்க. ஆனா கேம் டிரா ஆயிடுச்சு. பொய்யா சொன்னாங்க?

இல்லை. ‘இஸ் வின்னிங்’ என்றால் ஜெயித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. இப்போதைக்கு ஜெயிக்கிற பக்கம் இருக்கிறார், அவ்வளவுதான். சதுரங்கத்தில் அதற்கு இன்னும் கறாரான பொருள் உண்டு: இனி சரியாக ஆடினால் ஜெயித்துவிடக்கூடிய நிலை. சரியாக ஆடாவிட்டால் போச்சு.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சதுரங்க சாம்பியன் பட்டத்துக்காக நம் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆடிய பதினான்காவது ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, யாரும் ‘வின்னிங்’ இல்லை. ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். அந்த நொடியில் ‘குகேஷ் இஸ் வின்னிங்’. சில நிமிடம் கழித்து ‘குகேஷ் வன்’, மொத்தப் புள்ளி 7.5-க்கு 6.5. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில், குகேஷின் முகம் மாறியதைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்க ஊர் கபடி போஸ்டர்ல ‘வின்னர்’, ‘ரன்னர்’னு போட்டிருக்கு. சரியா?

‘வின்னர்’ சரி. ‘ரன்னர்’ என்றால் ஓடுகிறவர். இரண்டாம் இடத்துக்குப் பெயர் ‘ரன்னர்-அப்’, பன்மை ‘ரன்னர்ஸ்-அப்’. நடுவில்தான் ‘ஸ்’ வரும், கடைசியில் இல்லை. கோப்பையில் பொறிப்பவருக்கு ‘அப்’ எப்போதும் மிச்சம்பிடிக்க வேண்டிய எழுத்தாகத் தெரிகிறது போல. எங்கள் தெருக் கோவில் திருவிழாவில் கொடுத்த கோப்பையிலும் ‘ரன்னர்’தான் இருந்தது. ஊர் முழுக்கப் புரிந்துகொண்டது, நானும் வாயைத் திறக்கவில்லை. விண்ணப்பத்தில் எழுதும்போது மட்டும் ‘அப்’பை விடாதீர்கள்.

டென்னிஸில் ‘வின்னர்’ ஒரு அடிக்கும் பெயர். எதிராளியின் மட்டை தொடவே முடியாமல் புள்ளியைக் கொண்டுவரும் அடி. ‘அவர் 40 வின்னர்கள் அடித்தார்’ என்று படித்தால் நாற்பது கோப்பை என்று நினைத்துவிட வேண்டாம்.

“யூ ஹேவ் வன் 25 லேக்ஸ்”னு மெசேஜ் வந்திருக்கு. இலக்கணம் சரியா இருக்கே சார்?

இலக்கணம் சரிதான். அர்த்தம்தான் இடிக்கிறது. முதல் பதிலைப் பாருங்கள்: வின் என்றால் போட்டியோ குலுக்கலோ இருக்க வேண்டும். நீங்கள் சீட்டு வாங்கினீர்களா? தமிழ்நாட்டில் லாட்டரியே 2003-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. கேரளத்தில் அரசு லாட்டரி 1967 முதல் நடக்கிறது, ஆனால் அங்கேயும் சீட்டு கையில் இல்லாதவருக்குப் பரிசு விழாது. அழித்துவிடுங்கள். ‘ப்ராசஸிங் ஃபீஸ்’ கேட்டால் கட்டாதீர்கள்.

நோபல் பரிசுக்குப் போட்டி ஏது? அப்புறம் ஏன் ‘வன் தி நோபல் பிரைஸ்’?

நல்ல கேள்வி. சர் சி.வி. ராமன் 1930-இல் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. ஆனால் பரிசு என்ற சொல் வந்தாலே ‘வின்’ ஒட்டிக்கொள்ளும், தேர்வுக்குழு ஒன்று பலரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறதே. இன்னும் மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்றால் ‘வாஸ் அவார்டட்’ என்று எழுதலாம். பட்டத்துக்கு மட்டும் வராது, பி.ஏ. பட்டத்தை யாரும் ‘வின்’ பண்ணுவதில்லை, ‘கெட்’ அல்லது ‘ஏர்ன்’.

விக்டரிக்கும் வின்னுக்கும் என்ன வித்தியாசம்?

முதலில் இலக்கணம். ‘வின்’ வினையாகவும் வரும், பெயராகவும் வரும். ‘விக்டரி’ வெறும் பெயர்ச்சொல், ‘தே விக்டரீட்’ என்று கிடையாது.

அடுத்தது எடை. தெருமுனை கேரம் ஆட்டத்தில் வருவது ‘வின்’. போர், தேர்தல், நெடுங்காலப் போராட்டம் இவற்றில் வருவது ‘விக்டரி’. சென்னையில் கடற்கரைச் சாலை முடியும் இடத்தில், தீவுத்திடல் பக்கம், வட்டமாக ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறதே, முதல் உலகப் போரில் நேச நாடுகள் வென்றதற்காக எழுப்பியது. அதன் ஆங்கிலப் பெயர் ‘விக்டரி வார் மெமோரியல்’. அங்கே ‘வின்’ என்று போட்டிருந்தால் ஏதோ மாவட்ட அளவிலான கோ-கோ போட்டிக்குக் கட்டியது போல இருந்திருக்கும்.

வேரும் வேறு. ‘வின்’ பழைய ஆங்கிலத்திலிருந்து வருவது, ‘விக்டரி’ லத்தீனிலிருந்து. ‘வின்கெரே’ என்ற லத்தீன் வினையின் பிள்ளைகள் நம் காதில் தினமும் விழுகிறார்கள்: விக்டர், விக்டோரியா, இன்வின்சிபிள். ‘கன்வின்ஸ்’கூட அதே குடும்பம்தான், வாதத்தில் ஆளை முழுக்க வென்றுவிடுவது. குற்றம் நிரூபிக்கப்பட்டவரான ‘கன்விக்ட்’டும் உடன்பிறந்தவர். ‘வின்கெரே’யில் ‘வின்’ என்று கேட்பதைப் பார்த்து அதுவும் இதுவும் ஒன்று என்று முடிவுகட்ட வேண்டாம், தற்செயல்.

ட்ரையம்ஃப்னா பைக்தானே?

பைக்குக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். சொல் ரொம்பப் பழையது. பழைய ரோமில், பெரிய போரில் வென்ற தளபதி நான்கு குதிரை பூட்டிய தேரில் நகருக்குள் ஊர்வலமாக வருவார், பின்னாலும் முன்னாலும் கொள்ளைப் பொருள், சிறைப்பட்டவர்கள், படைவீரர்கள். அந்த ஊர்வலத்தின் பெயர்தான் ‘ட்ரையம்ஃப்’. அவ்வளவு பெரிய வெற்றி இல்லை என்றால் தேர் கிடையாது, சின்ன ஊர்வலம். அதற்குப் பெயர் ‘ஓவேஷன்’. இன்று மேடையில் யாராவது நன்றாகப் பாடினால் எழுந்து நின்று கொடுக்கிறோமே, அந்த ‘ஸ்டாண்டிங் ஓவேஷன்’ அங்கிருந்து வந்தது. ஆகவே ‘ட்ரையம்ஃப்’ என்றால் கொண்டாட்டத்தோடு சேர்ந்த வெற்றி. ஒரு லீக் ஆட்டத்துக்கு அதைப் போட்டால் கொஞ்சம் அதிகப்படி.

சீட்டாட்டத்தில் ‘ட்ரம்ப்’ என்பது இதே சொல் தேய்ந்து வந்ததுதான். நாம் ‘துருப்பு’ என்று சொல்லி மேசையில் ஓங்கி அடிப்பதும் ஐரோப்பியச் சீட்டாட்டத்தோடு வந்த அதே உறவுக்காரச் சொல். திண்ணையில் துருப்பு வெட்டுகிறவருக்கும் ரோமானியத் தேருக்கும் இப்படி ஒரு தொடர்பு.

ஆள் பேர் வரக்கூடாதுன்னீங்க. “ஷி வன் ஹிம் ஓவர்”னு இருக்கே?

‘ஓவர்’ சேர்ந்ததும் பொருள் மாறிவிடுகிறது. ‘வின் ஓவர்’ என்றால் தோற்கடிப்பது இல்லை. பேசிப் பேசித் தன் பக்கம் இழுப்பது. கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளாத அப்பாவை அத்தை பேசி வழிக்குக் கொண்டுவருகிறார் பாருங்கள், அது. யோசித்துப் பார்த்தால் விதி உடையவில்லை, அந்த ஆள் நிஜமாகவே உங்கள் பக்கம் கிடைத்துவிட்டாரே. ‘வின் ஹார்ட்ஸ்’ நம் ‘மனதை வென்றார்’ போலவே. ‘வின் பேக்’ என்றால் இழந்ததை மீட்பது.

‘வின்-வின்’னா ஒரே கல்லுல ரெண்டு மாங்காயா?

இதைப் பலர் அப்படித்தான் மொழிபெயர்க்கிறார்கள். தப்பு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றால் ஒருவருக்கே இரண்டு லாபம். ‘வின்-வின்’ என்றால் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவருக்கும் ஆளுக்கொரு மாங்காய். வீட்டுக்காரருக்கு ஒழுங்காக வாடகை, குடியிருப்பவருக்கு ஒழுங்காகத் தண்ணீர். இதற்கு எதிர்ப்பக்கம் ‘நோ-வின்’: எப்படிப் போனாலும் அடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் என்கிற மாதிரி.

இதோடு இன்னும் சில. ‘வன் ஹேண்ட்ஸ் டவுன்’ என்றால் அலட்டிக்கொள்ளாமல் ஜெயித்தான். குதிரைப் பந்தயத்தில் ஜாக்கி ரொம்ப முன்னால் போய்விட்டால் கடிவாளத்தைத் தளர்த்திக் கையைக் கீழே இறக்கிவிடுவார், அதிலிருந்து வந்தது. வாக்குவாதத்தில் ‘ஓகே, யூ வின்’ என்றால் ‘சரிப்பா, நீ சொன்னதே இருக்கட்டும்’. பாராட்டு இல்லை, சலிப்பு. பிள்ளைகள் கமென்ட்டில் ‘டபிள்யூ’ என்று ஒரே எழுத்தைப் போடுவதும் வின்தான். அதைப் பரீட்சையில் எழுதினால் மார்க் வராது.

‘பிரிக் விக்டரி’ன்னா செங்கல்லா?

இல்லை, ‘பிர்ரிக்’. பிர்ரஸ் என்ற கிரேக்க அரசரின் பெயர். கி.மு. 279-இல் அஸ்குலம் என்ற இடத்தில் ரோமர்களோடு மோதி ஜெயித்தார், ஆனால் தன் படையில் பெரும்பகுதியைப் பறிகொடுத்தார். இன்னொரு முறை இப்படி ஜெயித்தால் நாம் ஒழிந்தோம் என்று அவர் சொன்னதாகப் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். நம் ஊரில் இதற்கு உதாரணம் வரப்புச் சண்டை. அரை சென்ட் நிலத்துக்கு இருபது வருடம் வழக்கு நடத்தி, தீர்ப்பு வரும்போது வக்கீல் ஃபீஸுக்கு ஒரு ஏக்கர் போயிருக்கும்.

இங்கிலீஷ்ல இத்தனை சொல் இருக்கு. தமிழ்ல வெற்றி ஒண்ணுதானா?

யார் சொன்னது? வெற்றி, வாகை, கொற்றம், ஜெயம், விஜயம், கெலிப்பு. பேச்சில் ‘ஜெயிச்சுட்டான்’ முந்திக்கொண்டது. எழுத்தில் ‘வாகை சூடினார்’ விளையாட்டுப் பக்கத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது, ‘ட்ரையம்ஃப்’ வரும் இடங்களில் அதைத் தைரியமாகப் போடலாம்.

ஒன்று கவனியுங்கள். தொல்காப்பியத்தில் வாகைத் திணை போர்வெற்றி மட்டும் இல்லை. அறிவர், தாபதர் (தவம் செய்கிறவர்) என்று அவரவர் தம் துறையில் மேம்பட்டு விளங்குவதும் வாகைதான். ஆக, ‘வின்’னையும் ‘சக்சஸ்’ஸையும் ஒரே குடையின் கீழ் நிறுத்துகிற பழக்கம் நமக்கு ரொம்ப நாளாகவே உண்டு. முதல் கேள்வியில் தடுமாறுவது நம் பிள்ளைகளின் குறை இல்லை.

சுரங்கச் சட்டத்துல ‘வின்னிங் எனி மினரல்’னு இருக்கு. அச்சுப்பிழையா சார்?

மேலூர்ப் பக்கம் கல்குவாரி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் ஜெராக்ஸோடு வந்து கேட்டது. பிழை இல்லை. 1957-ஆம் வருடத்துச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம், ‘மைனிங் ஆபரேஷன்ஸ்’ என்பதற்கு விளக்கம் சொல்லும்போது கனிமத்தை ‘வின்’ பண்ணுவதற்காகச் செய்யும் வேலைகள் என்கிறது. அங்கே அதன் பொருள் தோண்டி எடுத்தல்.

பழைய ஆங்கிலத்தில் ‘வின்னன்’ என்றால் பாடுபடுவது, மல்லுக்கட்டுவது. பாடுபட்டால் ஏதாவது கைக்கு வரும், சண்டையில் பாடுபட்டால் வெற்றி வரும்; இன்றைய பொருள் அப்படி வந்து சேர்ந்தது. மூன்றாவது கேள்வியின் விதியும் இங்கே விளங்கும். இது கைக்கு வருவதைப் பற்றிய சொல், எதிராளியைப் பற்றியது இல்லை. ஜெர்மன் மொழியில் இதன் உறவான ‘கெவின்’ என்ற சொல்லுக்கு இன்றும் லாபம் என்றும் பொருள் உண்டு. வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவரை ‘பிரெட்வின்னர்’ என்கிறார்களே, அவர் எந்த ரொட்டிப் போட்டியிலும் ஜெயிக்கவில்லை. பாடுபட்டுச் சோறு கொண்டுவருகிறார்.

தாமிரம் போன்ற உலோகத்தைக் கரைசலிலிருந்து மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கும் முறைக்கும் ‘எலெக்ட்ரோவின்னிங்’ என்றுதான் பெயர். இந்த மாதிரி இடங்களில் தமிழாக்கும்போது வெற்றியை எடுத்துவிட்டு, கனிமத்துக்கு ‘அகழ்ந்தெடுத்தல்’, உலோகத்துக்கு ‘பிரித்தெடுத்தல்’ என்று போடுங்கள்.